அம்மனுக்கு எடுத்துச் சென்ற பானகம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலை, தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறியபோது நடந்தது இது. அப்போது நான் ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் பாக்கி.

எங்கள் செம்பாக்கம் காலனியில் விரதம் என்றால் சோறு கிடையாது, அவ்வளவுதான். அதற்குப் பதில் அடை, உப்புமா, கேசரி என்று தட்டு நிறையும். நானும் வருடக்கணக்காக அப்படித்தான் ஆடி வெள்ளி விரதம் இருந்து வந்தேன். அந்த வருடம் மட்டும் ஒரு வைராக்கியம் பிடித்துக்கொண்டது. என் அக்கா அறுபது வயதிலேயே படுத்த படுக்கையாகிவிட்டாள். அந்த நிலை எனக்கு வரவே கூடாது என்ற பயம் உள்ளூர இருந்தது. வயிறு காலியாக இருந்தால் உடம்பின் செல்கள் தங்களுக்குள் சேர்ந்த குப்பையைத் தாங்களே தின்று புதுப்பித்துக்கொள்ளும், முதுமை தள்ளிப்போகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். விடுவேனா? வியாழன் மதியத்தோடு சாப்பாட்டை நிறுத்தினேன். மறுநாள் இரவு வரை தண்ணீர் மட்டும் என்று முடிவு. “அப்போ கேசரி எனக்கு மட்டும்தானா?” என்று கணவர் கிண்டல் செய்தார்.

மாத்திரை ஒன்றும் உணவில்லையே, அதனால் விரதம் கெடாது என்று காலையில் வழக்கமான சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பெருங்களத்தூர் வருவதற்குள் கை நடுங்கியது. புடவை நனையும் அளவுக்கு வியர்வை. பக்கத்தில் மஞ்சள் புடவை கட்டி, கையில் விரதக் காப்புக் கட்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்பவராம். மகள் வீட்டுப் பக்கத்து அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போய்க்கொண்டிருந்தார்.

“இன்னாமா, ஒரு மாரி கீற? துன்னியா இல்லியா?”

சர்க்கரை மாத்திரை போட்டதையும், விரதம் என்பதையும் குழறிக் குழறிச் சொன்னேன். அவர் உடனே பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். வெல்லம் கரைத்த பானகம். அம்மனுக்குப் படைக்க எடுத்துப் போவது என்று அவரே சொல்லியிருந்தார். கண் இருட்டிக்கொண்டு வருகிறது, நானோ வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறேன். விரதத்தையும் விட முடியாது, படைக்காத நைவேத்தியத்தையும் தொட முடியாது. என் பிடிவாதம் அப்படி.

அவர் பாட்டிலைத் தன் வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்தார்.

“இப்ப எச்சி ஆயிப்போச்சு. இனிமே அம்மனுக்கு ஆவாது. என் வெரதமும் போச்சு. இன்னும் இன்னா பாத்துகினு கீற, குடி.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதே பாட்டிலை வாங்கிக் குடித்தேன். வண்டலூர் தாண்டும்போது பார்வை தெளிந்தது. ஊரப்பாக்கத்தில் என்னோடு இறங்கி, பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, சக ஆசிரியை வரும்வரை உட்கார்ந்திருந்தார். உங்கள் விரதம் வீணாகிவிட்டதே என்றேன். “ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ போயி டாக்டரப் பாரு” என்று அடுத்த ரயிலில் ஏறிவிட்டார்.

டாக்டர் நன்றாகத் திட்டினார். செல்கள் தங்களைச் சுத்தம் செய்துகொள்வது உண்மைதான், ஆனால் பட்டினி கிடந்தால் மனித ஆயுள் கூடுமா என்பது இன்னும் உறுதியாகவில்லை என்றார். இந்த மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் உயிருக்கே ஆபத்தாம். ஆனாலும் நான் விடவில்லை. அவரிடம் கேட்டு, மாத்திரையை மாற்றி, இப்போது இருட்டும் முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுகிறேன். விடிந்ததும் ஏரிக்கரையில் நடை. அக்காவைப் போல் படுக்க மாட்டேன் என்ற உறுதி அப்படியே இருக்கிறது.

என் செல்கள் புதுப்பித்துக்கொண்டனவா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் ஆயுளுக்காக நான் பிடிவாதமாக இருந்த விரதத்தைவிட, முன்பின் தெரியாத எனக்காக அவர் முறித்த விரதத்தைத்தான் அம்மன் ஏற்றுக்கொண்டிருப்பாள் என்று இன்றும் நம்புகிறேன்.