கடைசிப் பந்தி

நேற்று வெள்ளவத்தையில் ஒரு புத்தகக் கடையில் பசைப் போத்தலைத் திறந்ததும் எழுந்த வாசம், இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில் அன்றிருந்த எங்கள் வகுப்பறைக்கு என்னைக் கொண்டுபோனது. கரையோர ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல்கள் நடுங்கும். உப்புக் காற்றில் சுவரிலிருந்து உரிந்துவரும் எங்கள் வாசிப்புக் குறிப்புகளை நாங்கள் திரும்பத் திரும்ப ஒட்டுவோம்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துக் குறைநிறை சொல்லவேண்டும் என்பது மிஸ்ஸின் ஏற்பாடு. எனக்கு வந்தது சாந்தினியின் குறிப்பு. யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குத் தப்பிவந்து, குடும்பத்தோடு ஒரு லொட்ஜ் அறையில் இருந்தவள் அவள். அவள் வாசித்துக் குறிப்பெழுதிய கதையில், சண்டை முடிந்து ஊர் திரும்பும் குடும்பத்துக்கு வீடு அப்படியே இருக்கிறது. அவள் கடைசிப் பந்தியில் எழுதியிருந்தாள்: “இது பொய். எங்கள் வீட்டுக்குக் கூரையே இல்லை.”

மிஸ் எட்டிப் பார்த்தார். “அந்தப் பந்தியை வெட்டச் சொல்லு பிள்ளை. பொலிஸ், வெளியாக்கள் பார்த்தால் பிரச்சினை.”

நான் எழும்பினேன். “தொடக்கம் நீளம், மிஸ். ரெண்டு எழுத்துப்பிழையும் இருக்கு. ஆனா அந்தப் பந்திதான் திறம். வெட்ட ஏலாது.”

“அப்ப சுவரில போட ஏலாது.”

நான் போய்ச் சுவரிலிருந்த என்னுடையதை உரித்தெடுத்தேன். “அப்ப இதுவும் வேண்டாம், மிஸ்.”

நான் வந்து உட்கார்ந்ததும் சாந்தினி மெல்லக் கேட்டாள்: “தொடக்கம் உண்மையாவே நீளமோ?”

“ஓம்.”

அவள் பேனையை எடுத்து முதல் பக்கத்தில் பாதியை வெட்டினாள். கடைசிப் பந்தியைத் தொடவில்லை.