மாலுமி காலடியில் கையெழுத்து

கடலோரத்தில் நிற்கும் அந்தக் கல் மாலுமி எந்தக் கண்டத்தைக் கண்டுபிடித்தான் என்று முதல் பஸ் அக்காவைக் கேட்டால் விழிப்பாள். அவன் தொப்பியில் எத்தனை காக்கா உட்காரும் என்று கேளுங்கள், டாண் என்று பதில் வரும். பதினோரு வருடமாக அந்த நினைவுச்சின்னத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவதால் அந்தப் பெயர்.

சேர்ந்த இரண்டாம் மாதம், பீடத்துக்குப் பின்னால் கல் இடுக்கில் ஒரு டப்பா அகப்பட்டது. உள்ளே ஒரு பென்சில், சுருட்டிய காகிதம். காகிதம் முழுக்கத் தேதியும் பெயரும். அடேயப்பா, மேஸ்திரி எமகாதகன்தான்! வேலைக்கு ஒழுங்காக வருகிறோமா என்று பார்க்க ரகசியமாக வருகைப் பதிவு வைத்திருக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் துடைப்பத்தைத் தொடுவாள். தாள் தீர்ந்தால் சில நாளில் புதுத்தாள் வந்துவிடும். நம் உழைப்பையும் ஒருவர் பார்க்கிறார் என்ற நினைப்பே அவளுக்குத் தெம்பு.

இன்று காலை அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"அதைத் தொடாதீங்கம்மா, ஆபீஸ் சாமான்!" என்று அதட்டினாள் அக்கா.

"இது என்னோடதுக்கா. நான்தான் ஒளிச்சு வச்சேன். ஒரு விளையாட்டு. போன்ல இடம் பாத்து வந்து, தேடிக் கண்டுபிடிச்சு, பேர் எழுதிட்டுப் போவாங்க."

"விளையாட்டா? அப்ப மேஸ்திரி வைக்கலையா? நான் தினமும் கையெழுத்துப் போட்டேனே!"

"தினமும் போடறது நீங்கதானா?" அந்தப் பெண் எழுந்தே விட்டாள்.

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பதினோரு வருஷம். ஒரு ஈ காக்கா கூடப் பாக்கலையா? சரியான மடச்சி நான்!"

"நான் பாத்தேன்க்கா. பழைய தாளையெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிப்பேன். போன மழைக்காலத்துல ஒம்போது நாள் உங்க கையெழுத்து இல்ல. எனக்கு பயமாயிடுச்சு. என்னக்கா ஆச்சு?"

அந்த ஒன்பது நாளைப் பற்றி மேஸ்திரி வாய் திறக்கவில்லை. வேறு ஆளை அனுப்பியதோடு சரி. அக்கா மாலுமியின் படியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"என் தங்கச்சி தவறிட்டாம்மா" என்று சொல்லத் தொடங்கினாள்.