இரண்டாவது சத்தம்

கார்டைச் சொருகுமுன் கண்ணை மூடிக்கொள்வார் என் கொழுந்தனார். கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துப் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். "வேண்டுதலெல்லாம் அண்ணி டிபார்ட்மென்ட். நான் காதைத் தீட்டிக்கிறேன், அவ்வளவுதான்" என்பார்.

என் தையல் கடையின் மூலையில் மேஜை போட்டு லேப்டாப் பழுது பார்க்கிறார். அவருடைய திருகாணியும் என் பொத்தானும் அடிக்கடி கலந்துபோகும். அவர் மூடிக் கொடுத்த லேப்டாப் ஒன்றில் சட்டைப் பொத்தான் உருண்டுகொண்டிருந்ததும் உண்டு.

பழைய லேப்டாப் என்றால் அவருக்கு உயிர். அதன் பக்கவாட்டில் ஒரு வாய் இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் தகடு போன்ற கார்டை அதில் சொருகலாம். அந்தக் கார்டு வழியாகத்தான் என் எம்பிராய்டரி மெஷினுக்குப் பூவும் எழுத்தும் போகும். போன வாரம் எங்கள் கடை லேப்டாப்பில் இருந்த சிஸ்டம் படுத்துவிட்டது. யூனிக்ஸ் குடும்பத்துச் சிஸ்டம் ஒன்றை ஏற்றினார். "இது எதையும் மறைக்காது அண்ணி. மனசுல பட்டதைத் திரையில கொட்டிடும். நாமதான் உக்காந்து கேக்கணும்." கேட்கவும் செய்வார். ஓடுகிற வரிகளைப் பார்த்து, "அப்படியா? சரி, அப்புறம்?" என்று தலையாட்டுவார்.

எனக்கு அந்த வரிகள் புரியாது. சத்தம் புரியும். கார்டைச் சொருகினால் முதலில் ஒரு கீச். அப்படியென்றால் லேப்டாப்புக்குக் கார்டை அடையாளம் தெரிந்துவிட்டது. அடுத்த சத்தமும் கீச்சென்றால் வேலை நடக்கும். கட்டைக் குரலில் டொம் என்றால் நடக்காது.

அன்று காலையிலிருந்து டொம்.

அன்றைக்குத்தான், கடவுள் புண்ணியத்தில் நர்ஸ் படிப்பை முடித்த என் மகளுக்குப் பட்டம் தரும் விழா. அவள் வகுப்புப் பெண்கள் எல்லோருடைய வெள்ளைக் கோட்டிலும் பெயர் தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தவள் நான். சாயங்காலம் போட்டுக்கொண்டு மேடை ஏற வேண்டும். கோட்டுகளோ நெஞ்சு வெறுமையாகத் தொங்குகின்றன.

"பேர் இல்லாமப் போய் நின்னா நர்ஸ் யாரு நோயாளி யாருன்னு தெரியாது சித்தப்பா" என்றாள் மகள், இஸ்திரி போட்டபடியே.

"முழிக்கிற முழியிலயே தெரியும், போம்மா." சொன்னாரே தவிரச் சிரிக்கவில்லை. கழுத்தெல்லாம் வியர்வை. "சிஸ்டம் கணக்குல கார்டு உக்கார வேண்டிய இடத்துல வேற எவனோ துண்டு போட்டு வெச்சிருக்கான். யாருன்னும் தெரியும். லேப்டாப் பின்னாடி ஒரு போர்ட் இருக்கு, அதை நாம தொட்டதே இல்லை. அந்தப் போர்ட்டை அடைச்சு, துண்டை எடுத்துப் பார்த்துட்டேன். அப்பவும் டொம். பழையபடி திறந்து விட்டுட்டேன்."

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அதை மட்டும்தான் எடுத்தீங்களா?"

"கையோட, கார்டை ஓட்டுற டிரைவர்னு ஒரு புரோகிராம் இருக்கே, அதையும் புதுசா மாத்தினேன்."

"ரெண்டு மருந்தை ஒண்ணாக் கொடுத்துட்டு எது சேரலைன்னு எப்படிச் சொல்லுவீங்க? ஒவ்வொண்ணா மாத்தணும்னு எங்க காதுல ஓதுறதே நீங்கதானே!"

படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "அவசரத்துல புத்தி மேயப் போயிடுச்சு! கெடுத்தது புது டிரைவராத்தான் இருக்கும். அதோட சேர்த்து நல்ல மருந்தையும் தூக்கிக் கொட்டிட்டேன்!"

விரல்கள் பறந்தன. பழைய டிரைவரைத் திரும்ப வைத்தார். பின்பக்கத்துப் போர்ட்டை மறுபடி அடைத்தார். லேப்டாப் அணைந்து எழுந்தது. ஆண்டவனே, இந்தப் பிள்ளைகளைத் தலைகுனிய வைத்துவிடாதே என்று முணுமுணுத்தேன். கண்ணை மூடினார். சொருகினார். கீச். மகளும் நானும் காதை நீட்டினோம். கீச்!

மகள் துள்ளிய துள்ளலில் ஒரு கோட்டு கீழே விழுந்தது. கடவுளுக்கு நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பாவி மனுஷன் கார்டை வெளியே உருவிவிட்டார்!

"ஐயோ தம்பி! வந்ததை ஏன்பா பிடுங்கினே?"

"ஒரு தடவை வந்ததை எப்படி அண்ணி நம்புறது?" எழுந்து, கார்டை என் கையில் திணித்தார். "இப்ப நீங்க போடுங்க."

நானே சொருகினேன். கீச் என்றது. இரண்டாவது கீச்சும் வந்ததும் நான் பூரித்துத் திரும்பினேன். அவர் லேப்டாப் பக்கமே பார்க்கவில்லை. விழுந்த கோட்டைத் தூசி தட்டி, அதன் நெஞ்சுப் பக்கத்தை எம்பிராய்டரி வளையத்தில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார்.