பன்னி சௌ விற்ற கதை

சாப்பாட்டுக் கடை வைத்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சமைப்பதைவிட சமைத்தது என்னவென்று விளக்குவதில்தான் அதிகம் உயிர் போகும். அதிலும் ஊரில் யாரும் கேள்விப்படாத சாப்பாடு என்றால், நீங்களும் என்னைப் போலக் கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டியிருப்பீர்கள்.

என் கணவர் சலீம், தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் பல வருடம் சமையல்காரராக இருந்தவர். நானும் கூடப் போய், அக்கம்பக்கத்துப் பெண்களிடம் அந்த ஊர்ச் சமையலைக் கற்றுக்கொண்டேன். அவருக்கு முதுகு வலி வந்ததும் ஊர் திரும்பி, புதுச்சேரி உப்பளம் பகுதியில் ஒரு சின்ன இடம் பிடித்தோம். "பிரியாணி போடுங்க, கண்ண மூடிக்கிட்டு ஓடும்" என்றார் சலீமின் அண்ணன். நாங்கள் கேட்கவில்லை. இந்த ஊரில் இத்தாலிக்காரன் சாப்பாடும் கொரியாக்காரன் சாப்பாடும் ஓடும்போது இது ஓடாதா என்று ஒரு நம்பிக்கை.

பலகை

டர்பனில் பேர்போன சாப்பாடு பன்னி சௌ. வெட்டாத முழு ரொட்டியைப் பாதியாக அறுத்து, நடுவில் குடைந்து, அந்தக் குழியில் ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றித் தருவார்கள். இங்கிருந்து பிழைக்கப் போனவர்கள் அங்கே உண்டாக்கியது. அங்கே கடை வைத்திருந்த பனியாக்கள் என்கிற குஜராத்தி வியாபாரிகளால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். இதெல்லாம் பலகை எழுதியவருக்குத் தெரியுமா? "சுவையான பன்னி சௌ கிடைக்கும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே "ஹலால்" என்றும் போட்டு மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் தொழுகை முடித்து வந்த பெரியவர் ஒருவர் பலகைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். சலீம் பதறி ஓடினார். "அந்தப் பன்னி இல்ல பாய். இங்கிலீஷ்ல பன்னின்னா முயலு."

"முயல் கறியா?"

"முயலும் இல்ல பாய். ஆட்டுக்கறி."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பன்னியும் இல்ல, முயலும் இல்ல, உள்ள இருக்கறது ஆடுன்னா, ஆடுன்னே எழுதித் தொலைக்க வேண்டியதுதானப்பா!"

மாவு மில்

அன்றே தமிழில் "குழி ரொட்டி" என்று மாற்றி எழுதினோம், பழைய பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் விட்டுவைத்தோம். அடுத்த தலைவலி பாப். அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு கிண்டுகிற மக்காச்சோளக் களி அது. தொட்டுக்கொள்ள சக்கலக்கா என்று ஒன்று, காரட், குடைமிளகாய், தக்காளி, பீன்ஸ் எல்லாம் போட்டுக் காரமாக வதக்கியது. நம் பக்கத்தில் மக்காச்சோளம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் தீவனத்துக்குத்தான் போகும்.

மூட்டையை இறக்கியதும் மில்காரர் கேட்டார், "எத்தன கோழிம்மா வளக்கறீங்க?"

"கோழி இல்லண்ணா, கஸ்டமருக்கு."

அவர் மிஷினை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சல்லடையை மாற்றிக்கொண்டே சொன்னார்: "மனுசனுக்கா? மொதல்லயே சொல்லக் கூடாதா, கொஞ்சம் நைசா அரைச்சித் தரேன்."

மீனுக்கு ஜாம்

எங்களுக்கு மீன் கொண்டுவருபவர் வீராம்பட்டினத்து அஞ்சலையக்கா. ஒருநாள் கூடையை இறக்கும்போது, நான் கரி அடுப்பில் சீலா மீனைச் சுட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாட்டுக் கடலோரத்தில், சுடுகிற மீன்மேல் வெண்ணெயும் ஆப்ரிகாட் ஜாமும் தடவுவார்கள். எனக்குக் கிடைத்தது மாம்பழ ஜாம். அதில் எலுமிச்சையும் மிளகாயும் கலந்து தடவினேன்.

"அடிப்பாவி! மீனுக்கு ஜாமா? கொழம்பு வெக்கத் தெரியலன்னா எங்கிட்ட கேக்கக் கூடாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒரு துண்டை இலையில் வைத்து நீட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே வாயில் போட்டார்.  முள் மட்டும்தான் மிஞ்சியது.

அடுத்த வாரம் கூடையோடு வந்தவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதோரம் சொன்னார்: "ஊட்லயும் செஞ்சேன். எங்கூட்டுக்காரருக்கு அது ஜாமுன்னு தெரியாது, நீ சொல்லிகில்லிப்புடாத."

சொல்தா

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒருவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்து குழி ரொட்டி கேட்டார். கூடவே கத்தியும் முள்கரண்டியும் கேட்டார். "இத கையாலதான் முசியே சாப்புடணும்" என்றார் சலீம். அவர் கேட்பாரா? கத்தியால் பக்கவாட்டில் ஒரு கீறு கீறினார். ரொட்டிச் சுவர் உடைந்து, உள்ளே இருந்த குழம்பு சட்டையிலும் மடியிலும் இறங்கியது.

நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு வந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். அவரோ சட்டையைக் குனிந்து பார்த்தார், கத்தியை ஓரமாக வைத்தார், மிச்சத்தைக் கையாலேயே தின்று முடித்தார். எழுந்து போகும்போது சொன்னது: "மெர்சி மதாம். நாளைக்குப் பழைய சட்டையில வரேன், ஒண்ணு எடுத்து வைங்க."

உறைப்பு

ஒரு சொல்தாவை வைத்துக் கடை ஓடுமா? மழைக்காலம் வந்ததும் தெருவே வெறிச்சோடியது. அண்ணன் தன் பிரியாணி தேக்சாவையே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார். சலீம் அதைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த மாசம் போட்டுப் பாப்பமா?" என்றார். நான் அதை அடுப்படி மூலையில் கவிழ்த்து வைத்தேன்.

அந்த வாரம்தான், குடையை மடக்கிக்கொண்டு ஒரு அம்மா உள்ளே வந்தார். கோயில்களைப் பார்க்க டர்பனிலிருந்து பஸ் நிறைய வந்த கூட்டத்தில் ஒருவர். முன்னோர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தமிழர்கள், ஆனால் அவருக்கு வந்ததெல்லாம் ஆங்கிலம்தான். பலகையில் இருந்த ஆங்கிலப் பெயரைப் பார்த்துத் தெருவைத் தாண்டி ஓடி வந்திருக்கிறார். அசல் ருசி தெரிந்த முதல் வாய். சலீம் குழம்பை இன்னொரு தடவை ருசி பார்த்துவிட்டுத்தான் ஊற்றினார்.

குடைந்தெடுத்த நடு ரொட்டியைப் பிய்த்து, முதலில் அதைக் குழம்பில் தோய்த்தார் அந்த அம்மா. டர்பன்காரர்கள் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். சலீம் என்னை முழங்கையால் இடித்தார். அந்த அம்மா கடைசித் துண்டுவரை துடைத்துத் தின்றார். பிறகு, வீட்டில் யாரோ பேசக் கேட்ட தமிழை ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தார். சலீம் மாதக்கணக்கில் சிரிக்காத சிரிப்பை அன்று சிரித்தார், ஏனென்றால் அந்த அம்மா சொன்னது இது: "உப்பு சரி. ரொட்டி சரி. உறைப்பு பத்தாது, தம்பி!"

சேதராப்பட்டு

மறுநாள் மிளகாயைக் கூட்டினோம். அந்த அம்மா பஸ்ஸையே கூட்டி வந்தார். அத்தனை பேர் வாசல்வரை நின்று கையால் பிய்த்துத் தின்பதைப் பார்த்துத் தெரு நின்றது, பிறகு தெருவே உள்ளே வந்தது. தேக்சா அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போனது.

வந்தவர்களில் கலா என்ற பெண், சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். களி என்றால் அவளுக்கு உயிர். இப்போது சனிக்கிழமை தோறும் அவளோடு வேலை பார்க்கிற செட்டுக்கே பாப்பும் சக்கலக்காவும் பார்சல் போகிறது. போன வாரம் பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, எங்க சூப்பர்வைசர் வடநாட்டுக்காரரு. நல்லாருக்கே, இது பாண்டிச்சேரி சாப்பாடான்னு கேட்டாரு. ஆமா சார்னு சொல்லிட்டோம்!"

ஒரு புதுச் சாப்பாட்டை ஊருக்குப் பழக்க நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை, அது தன்னுடையதுதான் என்று ஊரே பொய் சொல்லும்வரை அடுப்பை அணைக்காமல் வைத்திருந்தோம், அவ்வளவுதான்.