அரை இஞ்ச் டெய்லர்

தையல் மிஷினின் பெடலை மிதித்தபடியே டெய்லர் எண்ணிக்கொண்டிருந்தார். "நாலாயிரத்து அறுநூத்துப் பன்னெண்டு, பதிமூணு... சார், கொஞ்சம் பேசாம இருங்க, எண்ணிக்கை விட்டுப்போகும்." நான் வாயைத் திறக்கவே இல்லை. தினமும் பத்தாயிரம் காலடி நடந்தால் நல்லது என்று பத்திரிகையில் படித்த நாளிலிருந்து இந்தக் கணக்கு. நடக்கத்தான் நேரமில்லையே தவிர, கால் ஆடிக்கொண்டுதானே இருக்கிறது என்பது அவர் கட்சி. ஒரு பேண்ட்டுக்கு மூவாயிரம் காலடி. கோட் என்றால் ஊர் எல்லைவரை போய்த் திரும்பியதற்குச் சமம்.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னார்: "அவ்வளவு தூரம் போனவரு, வர்ற வழியில காய்கறி வாங்கிட்டு வந்திருக்கலாம்."

டெய்லருக்கு வயது ஐம்பத்துநாலு. கையும் காலும் ஒல்லி. வயிறு மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கி வைத்ததுபோல் இருக்கும். எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் அதைத் தட்டிக் காட்டி, "அரை இஞ்ச் குறைஞ்சிருக்கு சார்" என்பார். அதனால் தெருவில் அவருக்கு அரை இஞ்ச் என்றே பெயர். கடையின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருக்கிறதா என்பதும் சந்தேகம்தான்.

கடை மூலையில் சட்டை மாட்டிப் பார்க்கிற பொம்மை ஒன்று நிற்கிறது. அதற்குச் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. பத்திரிகையிலிருந்து வெட்டிய உடல்நலச் செய்திகளைக் குண்டூசியால் அதன் மேல்தான் குத்தி வைப்பார். இதயச் செய்தி நெஞ்சில், சர்க்கரைச் செய்தி வயிற்றில். பொம்மைக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது என்பதால் முழங்காலைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை. "திங்கக்கிழம மஞ்சக்கரு ஆகாதுன்னு போட்டான். வியாழக்கிழம ஆகும்னு போட்டான். நடுவுல ரெண்டு நாள் நான் வெள்ளைய மட்டும் தின்னது வீணாப் போச்சு. அத யாரு திருப்பித் தருவா?"

தொடர்ந்து உட்காருவது உடம்புக்குக் கெடுதல் என்று ஒரு செய்தி வந்தது. அன்று முதல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் அடிக்கும். தையல் எந்த இடத்தில் இருந்தாலும் விருட்டென்று எழுந்துவிடுவார். என் பேண்ட்டின் இடது காலில், முழங்காலுக்கு நாலு விரல் கீழே, தையல் ஒரு சின்ன வளைவு வளைந்து போகிறது. அந்த இடத்தில் அலாரம் அடித்திருக்கிறது.

இத்தனைக்கும் காரணம் மாத்திரை பயம். மூன்று மாதத்துக்கு முன், இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக டாக்டர் சொன்னார். இடுப்பை அளக்க நர்ஸ் வந்தபோது இவர் கையை நீட்டித் தடுத்தார். "டெய்லருக்கே அளவு எடுக்கறீங்களாம்மா? முப்பத்தெட்டு. எழுதிக்குங்க." எழுதிக்கொண்டார்கள். இரண்டு இஞ்ச் குறைத்துக்கொண்டு வந்தால் மாத்திரை வேண்டாம், இல்லாவிட்டால் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். "மாத்திரை தனியா வராது சார். மொதல்ல ஒன்னு வரும். அப்புறம் அண்ணன் தம்பி எல்லாரையும் கூட்டிட்டு வந்து தங்கிடும்" என்று என்னிடம் புலம்பினார்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் உண்மையாகவே உழைத்தார். டீயில் சர்க்கரையை விட்டார். இருட்டுவதற்கு முன் சாப்பாட்டை முடித்தார். ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு தடவை மென்றார். அந்த நேரத்தில் மனைவி ஏதாவது கேட்டால் இத்தனையாவது என்று விரலைக் காட்டுவார். போன வாரம் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பார்த்தார். சரியாக முப்பத்தாறு! டாக்டரிடம் போகும்போது என்னையும் கையோடு இழுத்துக்கொண்டு போனார். "நீங்க சாட்சி சார்."

இந்தத் தடவை நர்ஸ் விடவில்லை. அளந்துவிட்டு, "முப்பத்தெட்டு" என்றார்.

"தப்பும்மா. கொஞ்சம் ஏத்திப் புடிங்க... இப்ப எறக்குங்க... விரல உள்ள விடாதீங்க." மூன்று தடவை அளந்தும் முப்பத்தெட்டுதான். இவர் தன் டேப்பைச் சுற்றிக் காட்டினார். முப்பத்தாறு.

"உங்க டேப்புக்கு என்ன வயசு சார்?" என்று நர்ஸ் கேட்டார்.

"இருபத்திரண்டு."

"துணி டேப்பு இழுத்து இழுத்து நீண்டிருக்கும். குடுங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துடலாம்."

அவர் டேப்பைத் திரும்பக் கழுத்தில் போட்டு, இரண்டு முனைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு விஷயம் மெதுவாகப் புரிந்தது. டேப் நீண்டிருந்தால் அன்று இவர் சொன்ன முப்பத்தெட்டு உண்மையில் நாற்பது. இன்றைய முப்பத்தாறு உண்மையில் முப்பத்தெட்டு. ஆக, இரண்டு இஞ்ச் குறைந்தது நிஜம். ஆனால் டேப் தப்பு என்று ஒப்புக்கொண்டால்தான் அது நிஜமாகும். அளந்ததும் வெட்டியதும் அதே டேப் என்பதால் யாருக்கும் துணி இறுக்கிப் பிடித்ததில்லை, யாரும் சந்தேகப்பட்டதும் இல்லை. தெருவில் பாதிப்பேர் அவர் சொன்ன அளவை நம்பித்தான் நிம்மதியாகச் சாப்பிடுகிறோம். எனக்கு அவர் கணக்கில் முப்பத்துநாலு. ரெடிமேட் கடையில் முப்பத்துநாலு எனக்கு ஏறாது. கம்பெனிக்காரர்கள் துணியில் திருடுகிறார்கள் என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "அன்னைக்கும் முப்பத்தெட்டு, இன்னைக்கும் முப்பத்தெட்டு. ஒன்னுமே குறையலயே. மாத்திரை ஆரம்பிச்சுடலாம்." எழுத ஆரம்பித்தார்.

டெய்லர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கண் பரிசோதனை எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் இந்த மனிதர் ஒரு மாத்திரை சாப்பிட்டால்தான் என்ன என்று எனக்குத் தோன்றியது.

"டாக்டர்... கொஞ்சம் நில்லுங்க." டேப்பைக் கழுத்திலிருந்து உருவி மேஜைமேல் வைத்தார். "சேத்து வச்சுப் பாருங்கம்மா."

நர்ஸ் இரண்டையும் நீட்டிப் பிடித்தார். டெய்லருடைய முப்பத்தாறுக்கு நேராக ஆஸ்பத்திரி டேப்பின் முப்பத்தெட்டு வந்து நின்றது. டாக்டர் சிரித்துவிட்டு, எழுதியதை அடித்தார். "அப்போ நாப்பதுலேர்ந்து எறங்கி வந்திருக்கீங்க! பிரமாதம். மாத்திரை வேணாம், இப்படியே தொடருங்க."

சந்தோஷப்பட வேண்டிய மனிதர் என் பக்கம் திரும்பி, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார்... உங்களுக்கு முப்பத்தாறு."

"அதான் தெரியுதே" என்றேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும், "அரை இஞ்ச் கூடக் குறைய இருக்கும், விடுங்க" என்றேன்.

நர்ஸ் டேப்பைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கை அதைப் பழக்கத்தில் கழுத்துவரை கொண்டுபோய், அங்கேயே நின்றது. பிறகு விரலில் இறுக்கமாகச் சுருட்டி, சட்டைப்பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.