ரோஸி அக்காவின் விளக்குக் குல்லா

மைதாப் பசையின் புளித்த வாசனை எங்கே மூக்கில் பட்டாலும், பெங்களூரில் "தண்டு" என்று சொல்லும் கன்டோன்மென்ட் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கூடமும், தரையெல்லாம் கறுப்புத் தாளைப் பரப்பி நடுவில் உட்கார்ந்திருக்கும் ரோஸி அக்காவும் எனக்கு நினைவில் எழும்.

யுத்த காலம் அது. விமானம் வந்து குண்டு போடுமோ என்ற பயத்தில், பொழுது சாய்ந்தபின் வீட்டு வெளிச்சம் தெருவில் தெரியக்கூடாது என்று உத்தரவு. மற்றவர்கள் பல்பைத் துணியால் சுற்றிவிட்டு இருட்டில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அக்கா நீளத் தாளைச் சேலைக் கொசுவம்போல நெருக்கமாக மடித்து, இரு முனைகளையும் ஒட்டி, மடிப்புக்கு மடிப்பு ஊசியால் துளையிட்டு நூல் கோத்து இறுக்கினாள். தாள் கிண்ணம்போலக் கவிழ்ந்தது; பல்பின்மேல் மாட்டியதும் வெளிச்சம் பக்கத்தில் கசியாமல் மேஜைமேல் மட்டும் வட்டமாக விழுந்தது. "விளக்குக் குல்லா" என்று அதற்குப் பெயர் வைத்தோம்.

அந்த நாட்களில்தான் ஒரு மாலை அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அம்மா, "தலையத் தூக்காத, கேட்டா மட்டும் பேசு" என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வந்தவர் அக்காவைப் பார்க்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பிகூட இல்லாம இது எப்படி நிக்குது?" என்றவர், யாரும் தடுக்குமுன் நாற்காலியில் ஏறிக் குல்லாவைக் கழற்றியேவிட்டார்.

வெளிச்சம் ஜன்னல் வழியே தெருவில் கொட்டியது. உடனே தெருவில் ரோந்து வந்த வார்டனின் விசில், விளக்கை அணைக்கச் சொல்லி "லைட்டு ஆஃப் மாடி!" என்று கன்னடத்தில் அதட்டல். அப்பா பதறிப்போய் சுவிட்சை அணைத்தார். இருட்டில் அக்காவின் குரல் மட்டும் கேட்டது.

"கீழ இறங்குங்க, மடிப்பு நசுங்கிடும். என்கிட்ட குடுங்க."

மறுபடி விளக்கு எரிந்தபோது, முக்காடு நழுவிய அக்கா நாற்காலிமேல் நின்றிருந்தாள். மாப்பிள்ளை அது ஆடாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளையின் தாயார் நிதானமாகக் காபியைக் குடித்து முடித்தார்.

"எங்க வீட்லயும் நாலு பல்பு இருக்குதும்மா, ரோஸி."

அம்மா உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள்.

யுத்தம் முடிந்ததும் ஊரே கறுப்புத் தாளைக் கிழித்தெறிந்தது; அக்கா தன் புது வீட்டில் வெள்ளைத் தாளுக்கு மாறினாள். அத்தான் உட்கார்ந்து மடிப்புக்கு அளவுகோல் பிடிப்பார். இருவரும் இன்று இல்லை; எங்கள் வீடு இருந்த இடத்தில் துணிக்கடை நிற்கிறது. தெரு இருட்டையே மறந்துவிட்டது. விளம்பரப் பலகைகளின் வெளிச்சம் உள்ளே வராதிருக்க, அதே தெருவில் குடியிருக்கும் நான்தான் தினமும் ஜன்னலுக்குத் திரை இழுத்துவிட்டுப் படுக்கிறேன்.