சாம்பிள் பாண்டிராஜின் கண்கள்

“எந்த வெடிக்கும் இந்தக் கண்ணு சிமிட்டாதுலே!”

விஸ்வநத்தம் டீக்கடையில் தினமும் இப்படி முழங்கியவர் பாண்டிராஜ். பட்டாசுக் கம்பெனியில், வெளியூர் வியாபாரி ஆர்டர் கொடுக்குமுன் ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றைப் பக்கத்தில் நின்று வெடித்துக் காட்டுவது அவர் உத்தியோகம். அதனால் சாம்பிள் பாண்டிராஜ்.

பட்டத்தின் பூர்வீகத்தைச் சொன்னவர் ராஜசிங் வாத்தியார். லத்தீனில் ‘வெளியே எடுத்தது’ என்று கௌரவமாக வாழ்ந்த சொல்லாம். பிரெஞ்சுக்காரன் மூக்கை உடைத்து ‘எசாம்பிள்’ ஆக்கினான், இங்கிலீஷ்காரன் தலையைச் சீவினான். எஞ்சிய முண்டம்தான் சாம்பிள். வெட்டுக்குத்தில் பிறந்த சொல் என்பதில் பாண்டிராஜுக்குத் தாங்காத பெருமை. விருதுநகர் மண்டியில் அது ஒரு கைப்பிடிப் பருப்பு, ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு ரத்தம். பாண்டிராஜிடம் முதல் அறை. அறைந்துவிட்டு, “இது சாம்பிளுதான்” என்பார். மிச்சத்தை வாங்க யாரும் நின்றதில்லை.

அதே கம்பெனி லாரிக்குச் சுமை தூக்கும் செல்வக்குமார் நின்றான். “அண்ணாச்சி, நேத்து நீங்க சிமிட்டுனதை நான் பாத்தேன்.”

சாம்பிள் விழுந்தது. செல்வக்குமாரின் உதடு கிழிந்தது. பதிலுக்கு வந்த குத்தில் பாண்டிராஜின் பல்லொன்று டீ கிளாசுக்குள் குடியேறியது. பெஞ்சு முறிந்தது, முறிந்த காலால் ஒருவர் மண்டையை ஒருவர் அளந்தார்கள். கடைக்காரி கற்பகவல்லி வெந்நீரை எடுத்து இருவர் மேலும் பாரபட்சமின்றி வீசினாள். “சாவுறதுன்னா கம்பெனியில போயிச் சாவுங்கலே! இங்கன யாவாரம் நடக்கு!”

கம்பெனி மேனேஜர் ஜெயசுந்தர் தீர்ப்புச் சொன்னார். “மூணு வெடி. சிமிட்டுனா நாளையிலருந்து நீரு லோடு தூக்கும், சாம்பிள் வேலை இவனுக்கு. சிமிட்டலன்னா இவன் உம்ம கால்ல விழுவான்.”

ஐம்பது வயது முதுகுக்கு லோடு தூக்குவது லேசான பேச்சில்லை. பாண்டிராஜ் மீசையைத் தடவினார்.

பொட்டலில் செல்வக்குமார் எதிரே நின்று கண்ணையே பார்த்தான். முதல் வெடிக்கு, ஆர்டர் கொடுக்க வந்திருந்த வியாபாரி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். கண் அசையவில்லை. இரண்டாவதில் சரளைக்கல் தெறித்துப் பாண்டிராஜின் கன்னத்தைக் கிழித்தது. ரத்தம் தாடையில் சொட்டியது. கண் அசையவில்லை. செல்வக்குமாருக்கு முகம் தொங்கிப்போனது.

மூன்றாவதன் திரி சீறிக்கொண்டு உள்ளே போனது. போனதுதான், சத்தமில்லை.

வெடித்தது முடிந்த கதை, வெடிக்காததுதான் கையை வாங்கும். இது தெரியாத ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாது. ஜெயசுந்தரே பின்வாங்கினார்.

பாண்டிராஜ் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார்.

ஒன்றும் வெடிக்கவில்லை. வெகுநேரம் கழித்துத் திறந்தார். திரி கொளுத்திய, இன்னும் புகையும் ஊதுபத்தியைச் செல்வக்குமாரிடம் நீட்டிவிட்டு, துண்டைத் தலையில் சும்மாடு கூட்டிக்கொண்டு லாரியைப் பார்த்து நடந்தார்.